மறுநாள் கணக்கு

ரப்பர் தோட்டத்தின் கணக்கு ஒரு நாளைத் தாண்டாது. பேராக்கின் செமோரைச் சுற்றி, வடக்கே சுங்கை சிப்புட் வரைக்கும் பால்மரக் காடாக இருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவருக்குப் பேர் விழுந்தது, வராதவருக்கு விழவில்லை. வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, மங்கில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டதும் அன்றைய கணக்கு முடிந்தது. அந்த வேலை அவர் உடம்பை நாளைக்கு என்ன செய்யும், நாளை மறுநாள் என்ன செய்யும் என்று எழுத, வருகைப் பதிவேடான செக்ரோலில் இடமில்லை. மறுநாள் அவர் வரவில்லையா, அது புதிய நாளின் புதிய குற்றம். முந்தின நாளோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் கிராணிக்கும் இல்லை, கங்காணிக்கும் இல்லை.

தோட்டங்கள் செம்பனையாகவும் குடியிருப்புத் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஆனால் உடம்பின் கணக்கை ஒரு நாளுக்குள் முடித்துக்கொள்ளும் பழக்கம் அவற்றோடு போய்விடவில்லை. ஆய்வுக்கூடத்திலும் மருத்துவர் மேசையிலும் உதவித்தொகை அலுவலகத்திலும் அது இருக்கிறது. மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ் என்றும் நாட்பட்ட சோர்வு நோய் என்றும் சொல்லப்படுகிற, சுருக்கமாக எம்.இ. என்று அறியப்படுகிற நோய்க்கு ஆளானவர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களிடம் சொல்லிவருவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எங்கள் நோய் மறுநாளில் இருக்கிறது, நீங்கள் இன்றைக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.

நோய் பெரும்பாலும் ஏதாவது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குகிறது. காய்ச்சல் போய்விடும், ஆள் எழுந்து வருவதில்லை. ஆறு மாதம் கடந்தும் நீங்காத அசதி, எவ்வளவு தூங்கினாலும் தூங்காதது போன்ற விடியல், பேச்சின் நடுவில் நழுவும் நினைவு, எழுந்து நின்றால் படபடப்பு. இவற்றில் பலவும் வேறு நோய்களிலும் உண்டு. எம்.இ.யைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது வேறொன்று. துணி துவைத்தது, வங்கிக்குப் போய்வந்தது போன்ற சின்ன வேலைக்குக்கூட அரை நாளோ இரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாக விழும். எழுவதற்கு நாட்கள் ஆகலாம், வாரங்கள் ஆகலாம். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை, இதை நோயின் கட்டாய அடையாளங்களில் ஒன்றாக வைத்தது. மரம் வெட்டி வந்தவரின் களைப்பு குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் தணியும், மறுநாள் உளியைப் பிடிக்கலாம். எம்.இ.யில் இன்றைய ஓட்டம் வட்டிக்கு வாங்கியது. வட்டிக்காரன் நாளை மறுநாள்தான் கதவைத் தட்டுவான்.

தோட்டத்துத் தமிழனின் அசதியை அறிவியல் ஆராய்வது புதிதல்ல. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய கொக்கிப்புழு ஆணையம் 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜித் தீவுகளிலும் வேலை செய்தது. பனாமாவில் பெயர் வாங்கிவிட்டு வந்த சாமுவேல் டார்லிங் அதன் தலைவர். கொக்கிப்புழுவும் மலேரியாவும் ஒரு தொழிலாளியின் ரத்தத்தை எவ்வளவு குறைக்கின்றன என்று அவர்கள் அளந்தார்கள். அறிக்கை 1920இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையரிடம் இதே புழுவைக் கண்டபோது, பத்திரிகைகள் அதற்குச் சோம்பலின் கிருமி என்று பெயர் வைத்திருந்தன. நுண்ணோக்கியில் புழு தெரிந்ததும் ஏழையின் மேலிருந்த சோம்பேறிப் பட்டம் கொஞ்சம் இறங்கியது. அது அறிவியல் செய்த நன்மை, சந்தேகமில்லை. ஆனால் அந்த நன்மைக்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது. பழி நீங்க வேண்டுமானால் புழு தெரிய வேண்டும். இன்றைய எம்.இ. நோயாளிக்கு ரத்தம் சரி, தைராய்டு சரி, எக்ஸ்ரே சரி. புழு தெரியாததால் அவர் பழியோடு வீடு திரும்புகிறார்.

கருவி காட்டாததை உடம்பின் பக்கத்தில் இருப்பவர்கள் கண்டிருக்க முடியும் என்பதற்குச் செமோரிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில், தம்புன், உலு பியா பகுதிகளில், ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவானது. பன்றியிலிருந்து கொசு கொண்டுவரும் நோய் அது, சிலருடைய ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது, ஊகத்தில் தப்பில்லை. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைக் குடும்பங்களின் கண்முன் நடந்ததோ வேறு. கொசு வீட்டில் எல்லாரையும் கடிக்கும். விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆட்கள். அந்த நோய் வழக்கமாகத் தாக்கும் பிள்ளைகள் தப்பினார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே பலமாக இருமின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் கண்ட புதிய வைரஸுக்கு, நெகிரி செம்பிலானின் சுங்கை நிபா கிராமத்தை வைத்து நிபா என்று பெயரிட்டார்கள். அதற்குள் பல மாதம் போயிருந்தது. மலேசியாவில் நோயுற்றவர் 265 பேர், இறந்தவர் 105 பேர். கொல்லப்பட்ட பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல்.

அந்த எண்களைக் கழித்துப் பார்த்தால் 160 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர் என்று எழுதியதோடு ஊரின் கணக்கு முடிந்தது. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பி வந்ததை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பின்னால் பதிவு செய்தார்கள். பங்களாதேஷில் நிபாவிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியான ஆய்வு, ஆளையே முடக்கும் சோர்வு அவர்களில் பலரைப் பிடித்திருந்ததைக் கண்டது. தொற்று போன பின்பு என்ன ஆகிறது என்று யாராவது திரும்பி வந்து கேட்டால்தான் இப்படிப்பட்டவை தெரியவரும். ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் அப்படித் திரும்பி வந்து கேட்டார்கள். மூன்று வேறுவேறு தொற்றுகளுக்கு ஆளான 253 பேரை மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். 2006இல் முடிவுகள் வந்தன. ஆறு மாதம் கழித்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் எழவில்லை. யார் எழமாட்டார் என்பதை முன்கூட்டிக் காட்டியது முதல் காய்ச்சலின் கடுமை. அவருடைய குணமோ பழைய மனநோய் வரலாறோ அல்ல. அந்த மூன்று தொற்றுகளில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குன்யாவுக்கு நெருங்கிய உறவு. அதே 2006இல்தான் பேராக்கின் பாகான் பஞ்சோர் மீனவக் கிராமத்தைச் சிக்குன்குன்யா முடக்கியது.

*

மேலைநாட்டு மருத்துவம் எம்.இ. நோயாளியை நடத்திய விதத்தைப் பார்த்தால், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரை மட்டும் குறைசொல்ல மனம் வராது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர்களும் தாதியருமாகக் கிட்டத்தட்ட 300 ஊழியர்கள் அடுத்தடுத்து விழ, மருத்துவமனையையே சில மாதம் மூடினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1970இல், இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் படித்து அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. விழுந்தவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் போய்ப் பேசவில்லை. அங்கேயே வேலை செய்து நோயைக் கண்ணால் பார்த்த மெல்வின் ராம்சே கடைசிவரை மறுத்துக்கொண்டிருந்தார். எடுபடவில்லை.

2011இல் லான்செட் இதழில் வந்த பேஸ் ஆய்வு இதன் தொடர்ச்சி. 641 நோயாளிகள், கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் பவுண்டு செலவு. நிதி தந்தவற்றில் பிரிட்டனின் உதவித்தொகைத் துறையும் ஒன்று. நோயாளிக்குத் தன் உடம்பின் மேல் இருக்கும் பயத்தைப் பேசிப் போக்கி, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறுவார் என்பது ஆய்வின் துணிபு. இந்த இரண்டு வழிகளிலும் நூற்றுக்கு 22 பேர் குணமானார்கள் என்று 2013இல் அறிவித்தார்கள். பயிற்சியைக் கூட்டக் கூட்டத் தாங்கள் படுக்கையில் விழுவதை அறிந்த நோயாளிகள் இதை நம்பவில்லை. படுக்கையில் கிடந்தபடியே ஆய்வுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்தார்கள். உடல் இயக்கத்துக்கான மதிப்பெண் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆய்வில் சேர்க்கலாம். முடிவில் 60 இருந்தால் அந்த அளவுகோலில் குணமானவர். அதாவது, 65இல் சேர்ந்தவர் 60க்கு இறங்கினாலும் அந்த அளவுகோலைத் தாண்டிவிடுவார்.

ஆஸ்திரேலிய நோயாளி ஆலெம் மாத்தீஸ் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூலத் தரவுகளைக் கேட்டார். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வு தொடங்கும்போது எழுதிவைத்த பழைய அளவுகோலிலேயே, நோயாளிகளும் சேர்ந்து திரும்பக் கணக்கிட்டார்கள். 22 என்று சொன்னது பேச்சுச் சிகிச்சைக்கு 7 ஆகவும் உடற்பயிற்சிக்கு 4 ஆகவும் இறங்கியது. ஆய்வை நடத்தியவர்கள் தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பிரிட்டனின் வழிகாட்டி நிறுவனமான நைஸ், நோயாளிகளும் உறுப்பினராக அமர்ந்த குழு ஒன்றை வைத்து 2021 அக்டோபரில் வழிகாட்டியைத் திருத்தியபோது, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தரக்கூடாது என்று எழுதியது.

நோயாளிகளைக் கண்ணீரோடு வாசலில் நிற்கும் கூட்டமாகவே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அவர்கள் செய்தது கணக்குத் திருத்தம். அவர்களுக்கு இருந்த சாதகம் ஒன்றுதான். ஆய்வாளர் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் அந்த உடம்பிலேயே இருந்தார்கள். மறுநாளை அவர்கள் பார்த்தார்கள்.

அந்த மறுநாளை அளக்கவும் முடியும். நோயாளியைச் சைக்கிள் இயந்திரத்தில் மிதிக்கவைத்து மூச்சை அளந்தால், முதல் நாள் எண்களில் பலரிடம் பெரிய கோளாறு தெரிவதில்லை. மறுநாள் அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போதுதான் எண்கள் சரிகின்றன; நோயில்லாதவர் இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி மிதிக்கிறார். 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், இதேபோல் வேலைக்குப் பின் விழும், கோவிட் நீடித்தவர்களின் தொடைத் தசையைப் பயிற்சிக்கு முன்பும் பயிற்சி முடிந்த மறுநாளும் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். தசை சேதம் கூடியிருந்தது. அதன் ஆற்றல் ஆக்கும் திறனும் குறைந்திருந்தது. முப்பது ஆண்டாக வாயால் சொன்னது நுண்ணோக்கிக்கு வந்து சேர்ந்தது. புழு தெரிந்துவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நாளில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

*

செமோர் பக்கத்துத் தாமான் ஒன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலை ஷிஃப்டில் வளர்ந்த தலைமுறை. 2021இல் கோவிட் வந்துபோன பிறகு வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நான் பார்க்கப் போன அன்று அடுப்பில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி நல்லாத்தான் இருக்கேன், தம்பி. நாளான்னிக்கி வந்து பாருங்க, அப்ப தெரியும்" என்றார். கிளினிக்குக்குப் போவதைப் பற்றி அவர் சொன்னது எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இருக்க வேண்டியது. "டாக்டரப் பாக்கப் போகணும்னா ரெண்டு நாளு படுத்தே கெடந்து தெம்பு சேத்துக்கணும். அந்தத் தெம்புல எழுந்து போனா, 'நல்லாத்தானே இருக்கீங்க'ங்கிறாரு. திரும்பி வந்து நான் விழுறத அவரு எங்க பாத்தாரு?"

சுவரில் தொங்கும் காலண்டரில் அவர் குறித்துவைத்திருக்கிறார். துணி துவைத்த நாளுக்கு ஒரு புள்ளி, படுத்த நாளுக்கு ஒரு கோடு. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ காலி. எம்.இ. என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. கண்பட்டிருக்கும் என்று மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். வைட்டமின் ஊசியும் போட்டாயிற்று.

இந்தக் காலி கட்டங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கும் சாதாரண மருத்துவ விடுப்பான எம்.சி. ஆண்டுக்கு 22 நாள்தான். இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 14. அதற்குப் பிறகு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருக்கிறது. அதற்கு, குணமாகாத குறிப்பிட்ட நோய்நிலை ஒன்று இருக்க வேண்டும். அதனால், நல்ல உடம்புள்ளவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவர் குழு அதைப் பார்த்துச் சொல்லும். மூன்றில் ஒரு பங்கு என்பதை எந்த நாளில் அளப்பது? தெம்பு சேர்த்துவைத்து எழுந்து வந்த நாளில் அக்காவால் முழுச் சம்பள வேலையும் செய்துவிட முடியும். அந்த வாரத்தின் மிச்சத்தில் ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்க முடியாது. மாற்றுத்திறனாளிக்கான ஓ.கே.யூ. அட்டைக்கு ஏழு வகைகள் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு நாள் மாறும் முடியாமை அவற்றில் எதிலும் எளிதில் பொருந்தாது.

இந்த இடத்தில் நோயாளிகளின் இயக்கத்தையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஆய்வை மாற்றிய நோயாளிகள் யார்? ஆங்கிலம் தெரிந்தவர்கள், இணையம் உள்ளவர்கள், விழுவதற்கு முன் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். கோவிட் காலத்தில் நோயாளிகளே கூடி 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2021இல் வெளியாகி, மருத்துவ உலகத்தின் பார்வையையே திருப்பியது. பெரிய சாதனைதான், ஆனால் கைப்பேசித் திரையில் பல நிமிடம் கேள்விகளைப் படித்துப் பதில் எழுதத் தெம்பும் மொழியும் உள்ளவர்களின் குரல் அது. நோயாளிகளும் சேர்ந்து வடிவமைத்த டிகோட்-எம்.இ. என்ற பிரிட்டிஷ் மரபணு ஆய்வு, 15,579 நோயாளிகளை வைத்து எட்டு மரபணுப் பகுதிகளைச் சுட்டிக்காட்டி 2025 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டது. அந்தப் பகுப்பாய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வழியினர். செமோர் அக்காவின் ரத்தம் அந்தக் கேள்விக்குள் வரவேயில்லை.

நம் பெண்களின் அசதியைக் கேட்ட ஆய்வும் உண்டு. கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் கேட்டு 2005இல் எழுதியதில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் ஆறு மாதத்துக்கும் மேலாக அசதி என்றார்கள். அதோடு சேர்ந்து வந்தவை வறுமை, வீட்டில் பெண்ணாக இருப்பதன் இடிபாடுகள், மன உளைச்சல். ரத்தசோகையின் அளவோடு தொடர்பு தெரியவில்லை. மனம்தான் காரணம் என்ற பேச்சால் காயப்பட்ட எம்.இ. நோயாளிகளுக்கு இது கசக்கும். எனக்குக் கசக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து சமைத்து, குடித்துவிட்டு வரும் புருஷனையும் தாங்கும் பெண்ணின் அசதி பொய்யில்லை. அதற்கு மருந்து வேறு. மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். அந்த அசதிக்கும் மருந்து வேறு. இவை எல்லாமே ஒரே உடம்பில் இருக்கவும் கூடும். எல்லாவற்றையும் அசதி என்ற ஒரே கூடையில் போட்டு எண்ணுகிற வரைக்கும் எது எது என்று பிரியாது. பிரித்துக்காட்ட நம்மிடம் இருக்கும் மலிவான அளவுகோல், வேலை செய்த மறுநாள் என்ன ஆகிறது என்ற விசாரிப்பு. ஓய்வெடுத்தால் தேறுகிறாரா, இரண்டு நாள் கழித்து விழுகிறாரா?

ஆகவே நோயாளியின் பார்வை என்பதை ஆய்வு முடிந்தபின் கேட்டு வாங்கும் கருத்தாக நான் நினைக்கவில்லை. எதை அளப்பது, எந்த நாளில் அளப்பது, எதைக் குணம் என்று சொல்வது, இந்த மூன்றையும் முடிவு செய்யும்போதே அவர் அங்கே இருக்க வேண்டும். அவர் என்றால் லண்டன் நோயாளி மட்டுமல்லர். மலாய்ப் படிவத்தை மகனிடம் கொடுத்து நிரப்பும், தமிழில் கேட்டால் மணிக்கணக்கில் விவரம் சொல்லும், இணையக் கணக்கெடுப்பில் ஒருநாளும் அகப்படாத அக்காவும்தான். அவரைத் தேடி ஆய்வாளர் வீட்டுக்கு வர வேண்டும். கிளினிக்கில் காத்திருந்தால் தெம்பு சேர்த்துக்கொண்டு வந்த நாள்தான் அங்கு வந்து சேரும்.

இந்த நோய்க்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. மரபணுப் பகுதிகளிலிருந்து மாத்திரை வரை உள்ள தூரம் நீளமானது, பணம் தின்பது. விசாரிப்பதற்கு அவ்வளவு வேண்டாம். இன்று பார்த்து அனுப்பிய நோயாளியை மூன்றாம் நாள் கூப்பிட்டு, "எழுந்திட்டீங்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு தாதியும் ஒரு தொலைபேசியும் தமிழும் போதும். அதை எந்த அரசு கிளினிக்கும் அடுத்த வாரமே தொடங்கலாம். ஒரு வருடம் அப்படி எழுதிவைத்தால், செமோர் இருக்கும் கிந்தா மாவட்டத்தில் எத்தனை பேர் மறுநாளில் விழுகிறார்கள் என்று முதன்முறையாக ஒரு கணக்கு நம் கையில் இருக்கும். சொக்சோ மேசையில் வைத்து வாதாட அதுவே போதுமான தொடக்கம்.